தாளில் பாதிதான் இருக்கிறது

என் அக்கா மகள் இந்த வருடம் பியானோவில் கிரேடு பரீட்சைக்குப் போகிறாள். லண்டன் ஏ.பி.ஆர்.எஸ்.எம். போர்டு நடத்துவது. மொத்தம் 150 மதிப்பெண், அதில் 21 சைட் ரீடிங்குக்கு. அதுவரை கண்ணில் படாத ஒரு சின்ன உருப்படியை முன்னால் வைத்து, அரை நிமிடம் பார்க்க விட்டு, வாசி என்பார்கள். பிள்ளைகள் மற்ற எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் உருப்போட்டுத் தயாராகிவிடும், இதற்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் எப்பப் பார்த்தாலும் அந்தக் குழலை வெச்சுக்கிட்டு ஓலைச்சுவடியாட்டம் இருக்கறதையெல்லாம் பார்த்து ஊதறயே, புள்ளைக்கு நாலு நாளு சொல்லிக் குடுத்தா என்னவாம்?"

சொல்லிக் கொடுக்கலாம்தான். ஆனால் பரீட்சை கேட்கிற சைட் ரீடிங் வேறு. நாங்கள் பீளமேட்டில் ஒரு மாடி வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் கூடி வாசிக்கிறோமே, அந்த 16, 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை கேட்கிற சைட் ரீடிங் வேறு. முன்னது தாளில் இருப்பதை அப்படியே வாசிக்கச் சொல்கிறது. பின்னதில் தாளில் இருப்பதை அப்படியே வாசித்தால் பல இடத்தில் தப்பு.

எங்கள் செட்டு சின்னது. நான் ரெக்கார்டர். பக்கவாட்டில் பிடிக்கிற புல்லாங்குழல் அல்ல, நேராகப் பிடித்து விசில் மாதிரி ஊதுவது, பிளாஸ்டிக்தான். போத்தனூரில் இருந்து ஒரு அண்ணன் வருவார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச் கொயரில் காலமெல்லாம் டெனர் பாடியவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற அக்கா ஒருவர், கர்நாடக வயலின் கற்றவர், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பார். (அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற ஆட்களுக்கு ஒரு தகவல்: வயலினில் தாடையை வைக்கிற கட்டை வந்ததே 1820 வாக்கில்தான். அதற்கு முந்தைய ஓவியங்களில் வயலினை நெஞ்சில் சாய்த்து வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.) அப்புறம் செல்லோ வாசிக்கிற இன்ஜினியரிங் காலேஜ் பையன் ஒருவன். இவ்வளவுதான்.

பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு நான் முதலில் சொன்னது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கதை. யோஹான் செபாஸ்டியன் பாக்கின் வாழ்க்கையை 1802ல் புத்தகமாக எழுதிய ஃபோர்கெல் சொல்லும் கதை இது. பாக் வைமாரில் இருந்த காலத்தில், எதை முன்னால் வைத்தாலும் தட்டாமல் வாசித்துவிடுவேன் என்று ஒரு நினைப்பில் இருந்தாராம். ஒரு நண்பர் அவரைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வாத்தியத்தின் மேல் கிடந்த தாள்களோடு தாளாக ஒரு உருப்படியைச் செருகி வைத்துவிட்டு, பலகாரம் எடுத்துவைக்கப் போகிறவர் போல உள்ளே போய்விட்டார். பாக் வழக்கம்போல ஒவ்வொன்றாகப் புரட்டி வாசித்துக்கொண்டு வந்து அந்தத் தாளில் மாட்டிக்கொண்டார். திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தார், அதே இடத்தில் நின்றது. உள்ளே நண்பர் சிரிக்கிறார். பாக் எழுந்துகொண்டு, எல்லாவற்றையும் பார்த்ததும் வாசித்துவிட முடியாது, நடக்காத காரியம் என்றாராம். அவருக்கே அந்தக் கதி என்றால் ஐந்தாம் கிளாஸ் பிள்ளை இரண்டு சுரம் தட்டுவதில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனால் ஒன்று, அந்தக் காலத்தில் பார்த்து வாசிப்பது என்பது பரீட்சைச் சமாச்சாரமாக இருக்கவில்லை, அன்றாடப் பிழைப்பாக இருந்தது. 1723ல் லைப்சிக்கில் வேலைக்குச் சேர்ந்த பாக், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்டாட்டா, அதாவது தேவாலயத்தில் வாத்தியங்களோடு பாடுகிற நீளப் பாட்டு, அரங்கேற்ற வேண்டியிருந்தது. எழுதி, அதை மாணவர்களும் வீட்டுப் பிள்ளைகளும் பங்கு பங்காக, அதாவது ஒவ்வொருவர் பாட வேண்டியதைத் தனித்தனித் தாளாகப் படி எடுத்து, மசி காய்ந்ததும் காயாததுமாகப் பாடுகிறவன் கைக்குப் போகும். வீடுகளிலும் இதே கதைதான். தாமஸ் மோர்லி 1597ல் லண்டனில் வெளியிட்ட இசைப் பாடநூல் ஒரு அவமானத்தில்தான் தொடங்குகிறது: விருந்து முடிந்ததும் வீட்டுக்கார அம்மா பாட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து ஒரு பங்கை ஒருவனிடம் நீட்டுகிறார், அவன் எனக்குப் பாட வராதுங்க என்கிறான், யாரும் நம்பவில்லை, இவனை எப்படி வளர்த்தார்கள் என்று காதோடு காது பேசிக்கொள்கிறார்கள். அவன் வெட்கப்பட்டு வாத்தியாரைத் தேடி ஓடுகிறான், பாடம் ஆரம்பமாகிறது.

அப்படிப் பார்த்ததும் பாடினவர்கள் எதைப் பார்த்துப் பாடினார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில். கோயமுத்தூர்க்காரன் பம்பு கம்பெனியில் வேலை பார்ப்பது ஒரு அதிசயமில்லை. பம்பின் மேல்கூட்டுக்கு நான் ஒரு டிராயிங் போட்டால், அதில் இருப்பது முடிந்த பொருளின் அளவு. அது பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கு மண்ணில் பதிக்கிற மாதிரி உருவம், செய்கிறவரிடம் போகும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும், அதனால் அவர் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார். மண்ணில் இருந்து உடையாமல் உருவ வேண்டுமே, அதற்காகப் பக்கங்களைச் சற்றே சாய்ப்பார். லேத்தில் கடைந்து எடுக்கப்போகிற இடத்தில் சதை கூட்டி விடுவார். இதில் ஒன்றுகூட என் டிராயிங்கில் இருக்காது. டிராயிங் குறையானது என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது விஷயம் தெரிந்த ஆளுக்கு எழுதினது. புதிதாக வந்த பையன் டிராயிங்கில் இருக்கிற அளவை அப்படியே எடுத்து பேட்டர்ன் செய்தால் காஸ்டிங் கழிவுதான். பழைய இசைத் தாளும் இதே ஜாதி.

ஃபிரான்சுவா கூப்ரான், பிரெஞ்சு அரசவையில் கீபோர்டு வாசித்தவர், 1716ல் ஹார்ப்சிகார்டு வாசிப்பைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைப் பட்டவர்த்தனமாகவே சொல்லிவிட்டார். நாங்கள் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று, அதனால்தான் நாங்கள் அந்நியருடைய இசையை வாசிக்கிற அளவுக்கு அவர்கள் எங்களுடையதை நன்றாக வாசிப்பதில்லை என்கிறார். அவர் காட்டுகிற உதாரணம்: அடுத்தடுத்த சுரங்களில் ஓடுகிற எட்டாம் பங்குச் சுரங்கள். தாளில் எல்லாம் சமமாகத்தான் இருக்கும். வாசிக்கும்போது ஒன்றை நீட்டி அடுத்ததைக் குறுக்க வேண்டும். எழுதியிருக்காது, ஆனால் பாரிஸில் வளர்ந்த எந்தப் பையனுக்கும் தெரியும்.

இதில் நமக்கு வியப்பாக என்ன இருக்கிறது? எந்தக் கர்நாடக சங்கீதப் பாடப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். ஸ ரி க ம இருக்கும், மேல் ஸ்தாயிக்குத் தலையில் ஒரு புள்ளி, நீட்டலுக்கு அரைப்புள்ளி, காற்புள்ளி, வேகத்துக்கு மேலே ஒரு கோடு. தோடியில் ‘க’ என்று ஒரே எழுத்து போட்டிருக்கும். அந்தக் காந்தாரம் ஒரு இடத்திலும் நிற்காது, ரிக்கும் மக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும் என்பது அந்த எழுத்தில் எங்கே இருக்கிறது? பாரிஸில் இருந்து ஒருவர் அந்தப் புத்தகத்தை வாங்கி, கீபோர்டில் ஒற்றை ஒற்றையாகத் தட்டி, தோடி வர்ணம் வாசித்துவிட்டேன் என்றால் நாம் சிரிப்போம். கூப்ரானைத் தாளில் இருக்கிறபடி சமமாகத் தட்டும்போது நாம் செய்வதும் அதுவேதான், கேட்டுச் சிரிக்க அவர் உயிரோடு இல்லை.

நமக்கும் இதில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. சுப்பராம தீட்சிதர் 1904ல் எட்டயபுரத்தில் அச்சிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில், கம்பிதத்துக்கு ஒரு நெளிகோடு, ஜாருவுக்கு ஒரு சாய்கோடு, ஸ்புரிதத்துக்கு முப்புள்ளி என்று கமகங்களுக்கு, அதாவது சுரத்தை அசைக்கிற விதங்களுக்கு, தனித்தனிக் குறியீடு போட்டுக் காட்டினார். அவரை அந்த வேலைக்குத் தூண்டியவர் சின்னசாமி முதலியார், நம் பாட்டுகளை ஐரோப்பியக் குறியீட்டில் எழுத அரும்பாடுபட்ட கிறிஸ்தவர். அவ்வளவு நுணுக்கமாக எழுதியும், அதைப் பார்த்துப் பாடுவது எப்படி என்று வித்வான்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். குறியீட்டைக் கூட்டிக்கொண்டே போனாலும், அதை வாசிக்கத் தெரிந்த காது அந்தப் பக்கம் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை.

சரி, எங்கள் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நாங்கள் முடிந்த அளவுக்குப் புதுப் பதிப்புகளைத் தொடுவதில்லை. ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் பழைய அச்சுப் பிரதிகளே ஸ்கேனாகக் கிடக்கின்றன, காசில்லாமல். ஆரம்பித்தது டீல்மன் சூசாடோவின் நடன இசைத் தொகுப்பில், ஆண்ட்வெர்ப் நகரில் 1551ல் அச்சானது. நாலு குரல், நாலு தனிப் புத்தகம். மற்றவர் என்ன வாசிக்கிறார் என்பது உங்கள் தாளில் இருக்காது. தாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் குறுக்குக் கோடுகளும் (பார் கோடு) இருக்காது. முதல் நாள் போத்தனூர் அண்ணன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இதுல பார் கோடே காணமே, எங்கன்னு தட்டறது?" என்றார். திருப்பூர் அக்கா, "நான் தாளம் போடறனுங்கண்ணா, நீங்க பாட்டுக்குப் பாடுங்க" என்று தொடையில் தட்ட ஆரம்பித்தார். அவ்வளவுதான், போய்விட்டது. கோடு இல்லாதது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, தாளம் கையில் இருக்கும்போது தாளில் எதற்கு?

கோடு இல்லாததில் ஒரு தொல்லை உண்டு. ஒருவர் வழி தவறிவிட்டால் ‘பதினேழாம் பாரில் இருந்து’ என்று சொல்ல வழியில்லை. ஒன்று முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், இல்லை காதால் கேட்டு எங்கேயாவது தொற்றி ஏற வேண்டும். தொற்றி ஏறப் பழகிவிட்டால் அப்புறம் கண் தாளில் இருந்தாலும் காது மற்ற மூன்று பேரிடம்தான் இருக்கும். பரீட்சை அறையில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளைக்கு இது கிடைக்கவே கிடைக்காது, பாவம். பழைய அச்சில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சின்ன உபகாரம் இருக்கிறது: ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சின்னக் கொக்கி, அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்று முன்கூட்டியே காட்டும். கஸ்டோஸ் என்று பெயர். கண் கீழே இறங்கி வரும் நேரத்துக்குள் விரல் தயாராகிவிடும். இவ்வளவு நல்ல ஏற்பாட்டைப் புதுப் பதிப்புக்காரர்கள் ஏன் தூக்கிப் போட்டார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

அந்தத் தொகுப்பிலேயே ஒரு நடனம், ஜி சுரத்தில் வந்து உட்கார்ந்து முடியும். முடிவுக்கு முந்தைய சுரம் எஃப், தாளில் ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றச் சொல்லும் குறி) கிடையாது. அண்ணன் தாளில் இருக்கிறபடி பாடினார். அதே பங்கை வயலினில் வாசித்த அக்கா, அந்த ஒரு சுரத்தை மட்டும் அரைச் சுரம் மேலே ஏற்றி வாசித்தார். இரண்டும் உரசி பல் கூசியது. நிறுத்திவிட்டு, தாளில் என்ன இருக்கிறது என்று அண்ணன் கேட்க, அக்கா, "தாள்ல இல்லீங்ணா. ஆனா ஸவுல போய் உக்காரோணும்னா அந்த நி ஏறித்தானே ஆகோணும், காது அங்கதான் இழுக்குது" என்றார். கைசிகி நிஷாதத்தை, அதாவது கீழ் ‘நி’யை, காகலி என்கிற மேல் ‘நி’யாக்கிவிட்டார், அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால், 1551ல் பாடியவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். முடிவில் வருகிற அந்தச் சுரத்தை ஏற்றிப் பாடுவது பாடகனின் பொறுப்பு, அச்சடித்தவனின் பொறுப்பல்ல. மூசிக்கா ஃபிக்டா என்பார்கள். ஊட், ரே, மீ, ஃபா, சோல், லா என்பது அவர்களுடைய ஸ ரி க ம. ‘லா’வுக்கு மேல் ஒரே ஒரு சுரம் ஏறி இறங்கினால் அதை ‘ஃபா’வாகப் பாடு, அதாவது அரைச் சுரம்தான் ஏறு, என்று சின்னப் பையன்களுக்கு மனப்பாட விதி உண்டு. இன்றைய பதிப்புகளில் இந்த இடங்களுக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு ஷார்ப்போ ஃபிளாட்டோ (அரைச் சுரம் இறக்கும் குறி) போட்டுவிடுகிறார்கள். உபகாரம்தான், ஆனால் அதைப் பார்த்துப் பழகினவனுக்கு அந்த இழுப்பு காதில் கேட்காமலே போய்விடுகிறது.

அண்ணனுக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. அவர் சர்ச்சில் டானிக் சோல்ஃபா, அதாவது சுரங்களை எழுத்துகளாகவே எழுதுகிற முறை, பார்த்துப் பாடி வளர்ந்தவர், இசைத்தாளின் ஐந்து ஸ்டாஃப் கோடுகளைவிட த், ர், ம் எழுத்துகள்தான் அவருக்குச் சரளம். அந்த ஊட், ரே, மீ பெயர்களை 1025 வாக்கில் அரெட்ஸோ நகரத்துக் குயிதோ என்ற துறவி வைத்ததே, கேட்டிராத பாட்டைப் பார்த்ததும் பாடிப் பழகத்தான். சைட் ரீடிங் பயிற்சிக்கு முதல் கைடு எழுதினவர் அவர் என்று சொல்லலாம். மீக்கும் ஃபாவுக்கும் நடுவில் எப்போதும் அரைச் சுரம் என்பது அவருடைய முறையின் அச்சாணி. அதனால் ‘இங்கே ஃபா வருகிறது’ என்று சொன்னால் அண்ணனுக்குச் சட்டென்று பிடிபடும், ஃபிளாட் என்றால் ஒரு நொடி யோசிப்பார்.

குழல் ஊதுகிறவர்களுக்கு இன்னொரு பெரிய விஷயம் நாக்கு. ஓத்தெத்தேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1707ல் எழுதிய குழல் பாடத்தில், ஒவ்வொரு சுரத்தையும் ‘டு’ என்றோ ‘ரு’ என்றோ நாக்கால் தொடங்கச் சொல்கிறார். இரண்டும் மாறி மாறி வர வேண்டும், இரண்டு ‘ரு’ அடுத்தடுத்து வரக் கூடாது. டு ரு டு ரு என்று ஊதிப் பாருங்கள், சமமாக எழுதின சுரங்கள் தானாகவே ஒன்று நீண்டு ஒன்று குறுகி அசைய ஆரம்பிக்கும். கூப்ரான் சொன்ன அந்த ஏற்றத்தாழ்வு மூளையில் இருந்து வர வேண்டியதில்லை, நாக்கே பார்த்துக்கொள்ளும். அதற்கும் முன்னால் 1535ல் வெனிஸில் கனாஸி எழுதின ரெக்கார்டர் புத்தகத்தில் டெகெ, டெரெ, லெரெ என்று கடினத்தில் இருந்து மென்மை வரைக்கும் வரிசை இருக்கிறது. இங்கிலீஷ்க்காரப் பிள்ளைகள் இந்த ‘ரு’வுக்குப் படாத பாடு படும், அவர்கள் ‘ர’ நாக்கு நுனியைத் தட்டாது. நமக்குப் பேச்சே அப்படித்தான். கொன்னக்கோல், அதாவது வாயால் சொல்லும் மிருதங்கச் சொற்கட்டு, கேட்டு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் அல்வா.

ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: ஜெர்மன் ஃபிங்கரிங், பரோக் ஃபிங்கரிங் என்று விரல் வைக்கும் முறையில் இரண்டு வகை கடையில் இருக்கும். ஜெர்மன் வகை 1920களில் பீட்டர் ஹார்லான் கொண்டுவந்தது, அதில் எஃப் பிடிப்பது சுலபம், அதை நம்பி வாங்கினால் எஃப் ஷார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள். யமஹாவில் வாங்குவதானால் மாடல் எண்ணில் 24பி என்று இருப்பதைப் பார்த்து எடுங்கள்.

ஸ்ருதி விஷயத்தில் நமக்கு இன்னும் சௌகரியம். பரோக், அதாவது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை வாசிக்கிறவர்கள் 415 என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள், அதாவது இன்று பொதுவாக 440ல் வைத்திருக்கிற ‘ஏ’ சுரத்தை நொடிக்கு 415 அதிர்வுக்கு இறக்குவது. ஸ்ருதியைக் கட்டையில் சொல்கிற நம் கணக்கில் 440 ஆறு கட்டை, 415 ஐந்தரைக் கட்டை. பிரெஞ்சு இசைக்கு 392 வைப்பார்கள், அது சரியாக ஐந்து கட்டை. ஜெர்மன் தேவாலய ஆர்கன்கள் பல 465ஐ ஒட்டி இருந்தன, ஆறரை. பாடுகிறவருக்குத் தகுந்த மாதிரி கட்டையை ஏற்றி இறக்கியே வளர்ந்த நம்மிடம் வந்து, ஊருக்கு ஊர் ஸ்ருதி மாறுமாம் தெரியுமா என்று ஆச்சரியமாகச் சொன்னால் என்ன சொல்வது? பாக்கே லைப்சிக்கில் ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கித் தாள் எழுதினார், கோயில் ஆர்கன் அவ்வளவு மேலே இருந்ததால். எங்களிடம் இருப்பது எலக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டி, அதைப் போட்டுவிட்டு நீளச் சுரங்களைச் சேர்த்துப் பழகுகிறோம். பியானோவின் அந்தர காந்தாரம் ஸ்ருதியோடு இழைகிற காந்தாரத்தைவிட 14 சென்ட் கூட (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), அதாவது அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. ஸ்ருதிப் பெட்டியோடு ஊதினால் அது உடனே குத்தும். பழைய ஆர்கன்கள் பலவற்றில் இந்தக் காந்தாரத்தைத்தான் முதலில் சுத்தமாக வைத்தார்கள்.

இவ்வளவு சொன்னதால் கர்நாடகக் காது இருந்தால் போதும், எல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் திருப்பூர் அக்காவே நீளச் சுரம் வந்தால் போதும், ஆட்ட ஆரம்பித்துவிடுவார். பழக்க தோஷம். இத்தாலியக் குரலிசையில் நீளச் சுரத்துக்கு உயிர் கொடுப்பது ஒலியைப் பெருக்கிச் சிறுக்குவது, இடத்தை விட்டு ஆட்டுவது அல்ல. ஒப்பனை சேர்க்க வேண்டிய இடங்கள் உண்டு, அதற்கு வாய்ப்பாடும் உண்டு. பாக் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமானுக்கு 1720ல், பையனுக்கு ஒன்பது வயது, ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். அதன் ஆரம்பத்தில் ஒரு அட்டவணை: மேலே குறி, கீழே அதை எப்படி வாசிப்பது என்று சுரம் சுரமாக விரித்து. திரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாறி மாறி வாசிப்பது) என்பது எழுதியிருக்கிற சுரத்தில் தொடங்காது, அதற்கு மேல் சுரத்தில் தொடங்கும் என்று அதைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பரீட்சைக்குப் போகிற என் அக்கா மகளுக்கு நான் காட்டியதும் இந்த ஒரு பக்கத்தைத்தான். ‘மாமா, இவங்க ஒம்பது வயசுப் பையனுக்கு இதையா குடுத்தாங்க?’ என்றாள்.

பெரியவர்களுக்கு டெலிமான், பாக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர். 1728லும் 1732லும் ஹாம்பர்கில் அவர் வெளியிட்ட ‘மெதோடிக்கல்’ சொனாட்டாக்களில் மெதுவான முதல் பகுதிக்கு இரண்டு வரி அச்சிட்டிருப்பார்: ஒன்று மொட்டையான மெட்டு, இன்னொன்று அதையே எப்படி அலங்கரிப்பது என்று. முதல் நாள் பார்த்ததும் மொட்டையை மட்டும் வாசியுங்கள். ஒரு வாரம் அதிலேயே உங்கள் மனம் போனபடி விரித்துப் பாருங்கள். அப்புறம்தான் அலங்கரித்த வரியைத் திறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் அந்தப் புத்தகம் வீண். இத்தாலிய வயலின்காரர் கொரெல்லியின் 1700 வயலின் சொனாட்டாக்களுக்கும் 1710ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பதிப்பு வந்தது, கொரெல்லியே வாசிக்கிற விதத்தில் அலங்காரங்களோடு என்று விளம்பரம் போட்டு. அந்தப் பக்கங்களைப் பார்த்தால் மொட்டை வரிக்கும் மேலே இருக்கும் காட்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

ரெக்கார்டர்க்காரர்களின் வேதம் என்றால் யாக்கொப் வான் ஐக்கின் தொகுப்பு, 1640களில் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. தெரிந்த மெட்டை எடுத்து, அதை இரட்டிப்பாக, நாலு மடங்காக உடைத்துக்கொண்டே போவார், தாளத்தை மாற்றாமல் வேகத்தை இரட்டிக்கிற நம் அனுலோமம் ஞாபகத்துக்கு வரும். வேடிக்கை என்னவென்றால் அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். யூட்ரெக்ட் நகரத்து மணிக்கூண்டுகளுக்குப் பொறுப்பாளர், சாயங்காலம் தேவாலயத் தோட்டத்தில் உலாவ வருகிறவர்களுக்குக் குழல் ஊதுவார், அதற்காகவே 1649ல் சம்பளம் கூட்டிக் கொடுத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது இன்று உலகமெல்லாம் பார்த்து வாசிக்கிற புத்தகமாக இருக்கிறது. வள்ளிக் கும்மி ஆசிரியர்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் நூறு பேரை ஒரே அடவில் ஆட வைக்கிறார்கள், ஒருத்தர் கையிலும் தாள் இருக்காது.

‘அப்படியானால் அன்றைக்கு வாசித்த மாதிரியே வாசிக்கிறீர்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, முடியவும் முடியாது, அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கையும் இல்லை. குழல்காரர் குவான்ட்ஸ் 1752, பாக்கின் மகன் சி.பி.இ. பாக் 1753, மொஸார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1756 என்று நாலே வருடத்தில் மூன்று பெரிய பாடநூல்கள் ஜெர்மன் மொழியில் வந்தன. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரே காலத்து ஆட்கள் எத்தனை இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று தெரியும். ‘பழைய முறை’ என்று நாம் ரசிப்பது 20ஆம் நூற்றாண்டின் ரசனைதான் என்று அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் டாருஸ்கின் கடைசிவரை சண்டை போட்டார், பெரும்பாலும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

நூறு வருடத்துக்கு முந்தைய நம் இசையே நமக்கு அந்நியமாகக் கேட்கிறதே. கோயம்புத்தூர் தாயி, 1872ல் பிறந்து 1917ல் மறைந்தவர், கிராமபோன் வந்த புதிதில் நிறைய இசைத்தட்டுகள் கொடுத்தவர். அவர் பாட்டில் மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் 1912, 13 வாக்கில் எழுதிய இந்தியக் கவிதைப் பாடல்களில் அந்தப் பாணியின் சாயலை எழுத்தில் பிடிக்கப் பார்த்தார். தாயியின் தட்டுகளை யூடியூபில் கேளுங்கள், மூன்று சொச்சம் நிமிடத்துக்குள் அந்தக் குரல் போகிற போக்கு இன்றைக்குச் சபாவில் கேட்கிற எதையும் போல இருக்காது. ஒலிப்பதிவு இருக்கும்போதே இந்த நிலைமை. தாள் மட்டும் இருக்கிற 1716க்கு நாம் என்ன சத்தியம் செய்ய முடியும்?

இருந்தாலும் தேடுவதில் ருசி இருக்கிறது, அதனால் தேடுகிறோம். இப்போது எங்களுக்குள் ஓடுகிற தகராறு ஓத்தெத்தேர் இரண்டு குழல்களுக்காக எழுதின உருப்படி ஒன்றைப் பற்றி. ஏற்றத்தாழ்வாக வாசிக்க வேண்டும் சரி, எவ்வளவு? செல்லோப் பையன் இரண்டுக்கு ஒன்று என்று வாசிக்கிறான், அது திஸ்ரம், மூன்று எண்ணிக்கை, ஜாஸ் மாதிரி ஊஞ்சல் ஆடுகிறது. நான் மூன்றுக்கு ஒன்று வரைக்கும் போய்ப் பார்த்தேன், ராணுவ அணிவகுப்பாகிவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே தகதகிட சொல்லிப் பார்த்துவிட்டு, "கண்டம்தான். மூணுக்கு ரெண்டு. சமமுமில்ல, சாஞ்ச மாதிரியும் தெரியாது" என்கிறார். (கண்டம் என்றால் ஐந்து எண்ணிக்கை.) அண்ணன் அதைக் கணக்காக வைத்தாலே கெட்டுப்போகும் என்கிறார், வார்த்தை மாறினால் அளவும் மாறுமாம், பாட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார். போன வாரம் கண்டத்தில் வாசித்துப் பதிவு செய்தோம், இந்த வாரம் திஸ்ரத்தில் வாசித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம் என்று பையன் சொல்லியிருக்கிறான். நான் கண்டத்தின் பக்கம்.